கோடை மலைப்பயணத்தைக் கைவிட வேண்டாம்: எங்கள் சபையின் நிர்வாகக் குழுவான பாஸ்டரேட் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர் ஐயா அவர்களுக்கும், பாஸ்டரேட் கமிட்டி உறுப்பினர்களுக்கும், வாலிபர் ஐக்கியப் பொறுப்பாளர்களுக்கும் ஸ்தோத்திரம்.

வாலிபர் ஐக்கியம் இனிக் கோடையில் மலைக்கோ ஆற்றுக்கோ போகாது என்றும், அதற்குப் பதிலாக நகருக்கு வெளியே ஒரு ரிசார்ட்டில் ஒரு நாள் கூடுகை நடைபெறும் என்றும் ஞாயிறு ஆராதனையின் முடிவில் அறிவிக்கப்பட்டது. சென்ற ஆண்டுப் பயணத்தில் இரண்டு பிள்ளைகள் வெயிலில் மயங்கி விழுந்ததே இந்த முடிவுக்குக் காரணம் என்று அறிகிறேன். வாலிபர் ஐக்கியத்தில் இருக்கும் இரு பிள்ளைகளின் தகப்பன் என்ற முறையிலும், அன்று அவர்களோடு உடன் சென்றவன் என்ற முறையிலும், இந்த முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்ள இதை எழுதுகிறேன்.

கமிட்டியின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மயங்கிய பெண்ணின் தாயார் அன்று மாலை சபை வளாகத்தில் அழுததைக் கண்ட எவரும் அதை லேசாகப் பேசமாட்டார்கள். ஆயினும், அன்று நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தால் குற்றம் மலைமீது இல்லை என்பது விளங்கும். விடியுமுன் புறப்பட வேண்டிய பேருந்து, வந்து சேராதவர்களுக்காகக் காத்திருந்தும், மாகடி சாலையில் சிற்றுண்டிக்கு நின்றும், சாவனதுர்கா அடிவாரத்தை அடைந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. 1,226 மீட்டர் உயரமுள்ள அந்தக் கருங்கல் மலையில், ஏறும் வழியின் பெரும்பகுதி மரநிழல் இல்லாத வெறும் பாறை. நண்பகலில் அது தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. ஏறும்போது நின்றபடியே ஏறிவிட்ட பிள்ளைகள், இறங்கும்போது சரிவுக்குப் பயந்து உட்கார்ந்து, உள்ளங்கைகளை ஊன்றி ஊன்றி நகர்ந்தார்கள். சில பெண்பிள்ளைகள் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு சிறிய தண்ணீர் பாட்டில் கொடுக்கப்பட்டிருந்தது. அது உச்சிக்குப் போய்ச் சேருமுன்பே தீர்ந்துவிட்டது. பெங்களூரு குளிர்ந்த ஊர் என்ற பழைய நினைப்பை இன்னும் சுமந்துகொண்டு இப்படித் திட்டமிடுகிறோம். 2016 ஏப்ரலில் இதே நகரில் 39.2 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருக்கிறது.

ஆகவே மாற்றவேண்டியது புறப்படும் நேரத்தையும் தண்ணீர்க் கணக்கையும். நடப்பவருக்கு வெயிலில் மணிக்கு அரை லிட்டராவது தண்ணீர் தேவைப்படும் என்பதால், நான்கு மணி நேர ஏற்ற இறக்கத்துக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் கையில் இருக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். அன்று அதையும் சின்ன பாட்டிலில் கொட்டிக் குலுக்கிக் கொடுத்தார்கள், அப்படிச் செய்தால் உப்பு மிகுந்து தாகம் இன்னும் கூடும். மயங்கியவர் வியர்ப்பது நின்று, பேச்சுக் குழறினால், அது சாதாரணக் களைப்பு இல்லை என்றும், உடனே உடலை நனைத்துக் குளிரச்செய்தபடி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் உடன்வரும் ஒவ்வொரு பெரியவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம் சபையிலேயே எத்தனை செவிலியர்கள் இருக்கிறார்கள்! அவர்களில் ஒருவரைக்கூட நாம் இதுவரை பயணத்துக்கு அழைத்ததில்லை.

கமிட்டி கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. சபை அழைத்துச் செல்லாவிட்டால் வாலிபர்கள் மலைக்குப் போகாமல் இருந்துவிடுவதில்லை. சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பின் நந்தி மலைக்கு மோட்டார் சைக்கிளில் புறப்படும் பையன்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. சூரிய உதயம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு விமான நிலையச் சாலையில் பறக்கிறார்கள். சிலர் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் நீந்தப் போகிறார்கள். குவாரியின் கரை ஏரிக்கரைபோல் படிப்படியாக இறங்காது, ஓரடி தள்ளினாலே ஆழம். இவற்றையெல்லாம் எந்தக் கமிட்டித் தீர்மானமும் தடுக்கப்போவதில்லை. பெரியவர்களோடு ஒழுங்காக ஏறிப் பழகிய பிள்ளைக்கு, எப்போது திரும்பிவிட வேண்டும் என்ற நிதானமாவது கிடைக்கும்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் வெயிலைவிட நான் அஞ்சுவது அதைத்தான். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே பிற்பகலில் திடீரென்று மேகம் திரண்டு இடியோடு பெய்யும் கோடை மழையை நாம் எல்லாரும் அறிவோம். நகரில் அது மாமரத்துக்கு நல்லது; மொட்டைப் பாறையின் உச்சியில் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருளாக நிற்கும் மனிதனுக்கு அது உயிராபத்து. மின்னலைக் கண்டு முப்பது நொடிக்குள் இடி கேட்டால், அந்த மேகம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போதே இறங்கத் தொடங்க வேண்டும், தனிமரத்தடியில் ஒதுங்கக் கூடாது, கடைசி இடிக்குப் பின் அரைமணி நேரம் கழிந்த பிறகே வெட்டவெளிக்கு வர வேண்டும். காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கிப் பத்து மணிக்குள் அடிவாரத்துக்கு வந்துவிடும் குழுவுக்கு வெயிலின் தொல்லையும் குறைவு, இடியின் ஆபத்தும் குறைவு. நான் கேட்கும் திட்டத்தின் உயிர்நாடி இந்த ஒரு நேர ஒழுங்குதான்.

காட்டுத்தீயை மறக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்த செய்தியை நாமும் இங்கே கண்ணீரோடு கேட்டோம். உலர்ந்த புல் நிறைந்த மலைகளுக்கு மழை பெய்யுமுன் போவதைத் தவிர்ப்பதும், வனத்துறையின் இணையதளத்தில் முறையாகப் பதிவுசெய்து அவர்கள் அனுமதிக்கும் பாதையில் மட்டும் செல்வதும் இதற்கு வழி. அடுப்பு மூட்டி மலையில் பிரியாணி சமைக்கும் ஆசையையும் அன்புகூர்ந்து விட்டுவிடுவோம். பாறை விளிம்புகளில் தொங்கும் மலைத்தேனீக் கூடுகளுக்கும் புகை ஆகாது. ஸ்பீக்கரும் வேண்டாம், சாவனதுர்கா அடிவாரத்தில் கோயில்கள் இருக்கின்றன, ஒரு தர்காவும் இருக்கிறது. பிறர் வழிபடும் இடத்துக்கு விருந்தினராகப் போகும் நாம் அடக்கத்தோடு நடந்துகொள்வதே சாட்சி.

ஆற்றுக்குப் போவதில் மட்டும் கமிட்டியின் முடிவோடு நான் உடன்படுகிறேன். மேகதாதுவிலும் சங்கமத்திலும் காவிரி வெளிப்பார்வைக்கு அமைதியாகத் தோன்றினாலும், பாறைக் குழிகளும் உள்நீரோட்டமும் நன்றாக நீந்துகிறவனையும் இழுத்துவிடும். அங்கே பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம்.

இனி ரிசார்ட்டைப் பற்றி. ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள் என்று அறிகிறேன். காக்ஸ் டவுனில் சொந்த வீடு உள்ளவருக்கு இது பெரிய தொகையாக இல்லாதிருக்கலாம். லிங்கராஜபுரத்தில் வாடகை வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்க்கும் குடும்பம், ‘பிள்ளைக்குக் காய்ச்சல்’ என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். இலவசமாக அனுமதிப்போம் என்று அறிவித்தாலும் தகப்பனின் தன்மானம் விடாது. மலைக்கோ பேருந்துச் செலவும் ஒரு சிறு கட்டணமும் போதும். மதிய உணவைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலுமாகக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள், கேட்க வேண்டியதுகூட இல்லை. நீச்சல் குளத்தைச் சுற்றிப் பிள்ளைகள் அவரவர் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் காட்சிக்கு இவ்வளவு பணம் தேவையா என்பதையும் பணிவோடு கேட்கிறேன்.

குடும்பங்களையும் சேர்த்துக்கொள்வது நல்லது. மலையேற இயலாத மூத்தவர்களும் சிறு பிள்ளைகளும் அதே நாளில் லால்பாக் பாறைக்குப் போகலாம். சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையுள்ள அந்தப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது என்பது அங்கே தினமும் நடப்பவர்களில் பலருக்கே தெரியாது. துணிவுள்ள வாலிபர்களுக்குக் கயிறு கட்டிப் பாறையேறும் பயிற்சி வேண்டுமானால், மாநில அரசின் ஜெனரல் திம்மையா தேசிய சாகச அகாடமியை அணுகலாம். தலைக்கவசமும் பயிற்சியாளரும் இல்லாமல் யாரும் கயிற்றைத் தொடக் கூடாது என்று அங்கேயே கற்றுக்கொள்வார்கள்.

வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்த பின், பள்ளிகள் திறக்குமுன் உள்ள ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குமாறு வேண்டுகிறேன். பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் என்ற கணக்கில் உடன்வரப் பெற்றோர் ஆயத்தமாக இருக்கிறோம். பெயர்ப் பட்டியலைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டோம். பேருந்து காலை நான்கரைக்குப் புறப்படும், யாருக்காகவும் காத்திருக்காது, கமிட்டி உறுப்பினரின் மகனாயிருந்தாலும் சரி, என்பதை மட்டும் போதகர் ஐயா அவர்களே பீடத்திலிருந்து அறிவித்துவிட வேண்டும். ரிசார்ட்டுக்கு முன்பணம் இன்னும் கட்டப்படவில்லை என்று கேள்விப்படுகிறேன். அதைக் கட்டுமுன் இந்த மடலைக் கூட்டத்தில் வாசித்து, பதில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிறிஸ்துவின் பணியில்,
வாலிபர் ஐக்கியப் பெற்றோரில் ஒருவன்,
பெங்களூரு