கேழ்வரகு பிஸ்கட் டப்பாவில் ஒரு வரியை எடுத்துவிட்டோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கேழ்வரகு பிஸ்கட் டப்பாவைத் திருப்பிப் பார்ப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். ‘சர்க்கரை இல்லை’ என்று பச்சை மையில் போட்டிருந்த வரி இந்த மாதம் முதல் இல்லை. பிஸ்கட் அதேதான், எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறோம்.

நெடுநாள் வாடிக்கையாளரான ஓர் அம்மா, நீரிழிவு உள்ளவர், அந்த வரியை நம்பிக் காலையில் நான்கு, மாலையில் நான்கு என்று சாப்பிட்டிருக்கிறார். ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவந்து கல்லாமேல் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம், ‘இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்’ என்றுதான் கேட்டார். வெள்ளைச் சீனி சேர்க்கவில்லை, கருப்பட்டிதான் போடுகிறோம் என்ற பொருளில் நாங்கள் எழுதியது அவருக்கு வேறு பொருளில் போய்ச் சேர்ந்திருக்கிறது. தப்பு எங்களுடையது.

கருப்பட்டியும் சர்க்கரைதான். பதநீரைக் காய்ச்சிச் சுண்டவைத்தால் மிஞ்சுவதில் பெரும்பகுதி, சீனியில் உள்ள அதே சுக்ரோஸ். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது; பனையேறும் குடும்பங்களுக்கு அது பெருமை. அதற்காக ரத்தத்தில் ஏறும் சர்க்கரை நமக்குச் சலுகை தராது. பிறகு ஏன் கருப்பட்டி? மணத்துக்காக. அந்த மணம் இருந்தால் குறைவாகப் போட்டாலும் நாக்கு குறை சொல்வதில்லை.

எங்கள் பிஸ்கட் ஒரு மாதம் மொறுமொறுப்பாக இருக்க வேண்டும். அதனால் இனிப்பையும் நெய்யையும் ஓரளவுக்குமேல் எங்களால் குறைக்க முடியாது. வீட்டில் நான்கு நாளில் தீர்ந்துவிடும் பண்டத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே, வியாபாரத்துக்குச் சற்று நட்டமானாலும், வீட்டுப் பக்குவத்தைச் சொல்லிவிடுகிறோம்.

கேழ்வரகு மாவு 100 கிராம், கோதுமை மாவு 50 கிராம், நெய் 75 கிராம், கருப்பட்டி 60 கிராம், ஏலக்காய், சிட்டிகை உப்பு, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர். கோதுமையை விட்டுவிடாதீர்கள். மாவைப் பிணைத்து வைக்கும் குளூட்டன் என்ற புரதம் கேழ்வரகில் இல்லை; தனியாகச் சுட்டால் கையில் எடுத்ததும் உதிரும். எங்கள் முதல் ஈடு முழுவதும் அப்படித்தான் பொடியாகி, பாலில் கலந்து குடித்துத் தீர்த்தோம்.

கேழ்வரகு மாவைப் பச்சை வாசனை போகும்வரை சிறுதீயில் வறுத்து ஆறவிடுங்கள். கருப்பட்டியில் மண் இருக்கும், சலித்தால் போகாது. இரண்டு மேசைக்கரண்டி நீரில் கரைத்து வடிகட்டுங்கள். அந்தக் கரைசல் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு ஊற்றினால் நெய் உருகி, பிஸ்கட் தட்டில் பரவி அப்பளமாகிவிடும். நெய்யோடு சேர்த்து அடித்து, மாவைக் கொட்டிப் பிசைந்து 20 உருண்டையாகத் தட்டுங்கள்.

ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் 15 முதல் 18 நிமிடம். ஓவன் இல்லாதவர்கள் பழைய குக்கரில் உப்பைப் பரப்பி, ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் சூடாக்கிய பின் தட்டை வைத்துச் சிறுதீயில் 25 நிமிடம் விடலாம். மாவே கறுப்பு என்பதால் சிவந்ததா என்று நிறம் பார்க்க முடியாது. மணம் தூக்கலாக வந்து, ஓரம் தட்டைவிட்டு விலகினால் இறக்குங்கள். அப்போது மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லையென்று மறுபடி உள்ளே தள்ளாதீர்கள், ஆறினால் இறுகிவிடும்.

இதில் ஒரு பிஸ்கட்டுக்குக் கருப்பட்டி 3 கிராம், மொத்தம் சுமார் 70 கலோரி. கலோரியைக் குறைக்க நினைப்பவர்கள் நெய்யைத்தான் பார்க்க வேண்டும், ஏறக்குறைய பாதிக் கலோரி அதிலிருந்து வருகிறது. நெய்க்குப் பதில் வனஸ்பதி மட்டும் வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் எத்தனை சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். கடைக்காரர் சொல்லிக் கேட்க வேண்டாம்.

பச்சை எழுத்துள்ள பழைய டப்பா பிரிக்காமல் வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம். பிரித்திருந்தாலும் சரி, வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாவுக் கடையினர்