எல்லாக் குழந்தைக்கும் ஒரே பதம் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் குழந்தை நலப் பக்கத்தில் இணை உணவு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆறு மாதம் முடிந்ததும் ஆரம்பிக்க வேண்டும், ஸ்பூனைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதத்தில் கொடுக்க வேண்டும், கொஞ்சம் நெய்யோ எண்ணெயோ சேர்க்க வேண்டும், மாதம் ஏற ஏற கெட்டியாக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது சரியான யோசனைதான். நீர்க் கஞ்சியை மட்டுமே ஊட்டி, பிள்ளை எடை ஏறாமல் போன வீடுகளை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் இரைப்பை மெதுவாகக் காலியாகிற குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பதமும் நெய்யும் அப்படியே ஒத்துக்கொள்ளாது. கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்திக்கு இந்தப் பிரச்சினை. மகள் பிரசவத்துக்காகக் கொடைக்கானல் மலையில் இருக்கிற எங்கள் பண்ணைக்காட்டுக்கு வந்தவள், குழந்தை உடம்பு தேறும்வரை இருக்கட்டும் என்று எங்களோடேயே இருக்கிறாள். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தது. போக்கு நின்றது, காய்ச்சல் விட்டது. வாந்தி மட்டும் நிற்கவில்லை. பால் குடித்ததும் ஒரு வாய் எதுக்களிப்பது எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். இவள் அப்படி இல்லை. விடிந்ததும் ஊட்டிய அரிசிக் கஞ்சி, நடுவில் பால் குடித்து, ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகு, ஊட்டிய மாதிரியே வெளியே வரும். வயிறு விண்ணென்று இருக்கும். பசியோடு வாயைத் திறப்பாள், இரண்டு வாய் வாங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இந்தப் பக்கத்தில் குழந்தை வாந்தி எடுத்தால் முதலில் தொக்கம் விழுந்திருக்கிறது, அதாவது தின்றது ஏதோ உள்ளே சிக்கிக்கொண்டது என்பார்கள். அப்புறம் மாந்தம், அப்புறம் கண்ணேறு. எடுக்கிறவர்களிடம் தூக்கிக்கொண்டு போகச் சொல்வார்கள். வசம்பு உரசி ஊற்றச் சொல்வார்கள். நானும் வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் சொல்லி வளர்ந்தவள்தான். ஆனால் வசம்பைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே கொடுத்தாலும் அதுவே பிள்ளைக்கு வாந்தியையும் மயக்கத்தையும் கொண்டுவரும் என்பதால் அதை வாய்ப்பக்கமே கொண்டுபோக விடவில்லை. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிற வாந்தி சிரப்பையும் வாங்க விடவில்லை. டோம்பெரிடோன் என்கிற அந்த மருந்து இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடியது. எடை பார்த்து, அளவு பார்த்து டாக்டர் எழுதினால் சரி. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டது என்று ஊற்றுகிற மருந்து இல்லை அது.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். எடை போட்டுப் பார்த்த ஓரிடத்தில், அட்டையில் கோடு கீழே இறங்குவதைக் காட்டி, "உனக்கு ஊட்டத் தெரியலை, இன்னும் கெட்டியாக் கொடு, நெய் விட்டுக் கொடு" என்று என் மகளிடம் சொன்னார்கள். எவ்வளவு நேரம் கழித்து வாந்தி வருகிறது, வந்தது பாலா சோறா, என்ன நிறம், எதையும் கேட்கவில்லை. ராத்திரியெல்லாம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் சொல்கிற பேச்சா இது? அன்றைக்கு அவள் அழுத அழுகையை என்னால் மறக்க முடியவில்லை.

வத்தலக்குண்டு வழியாக மதுரைக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனும், மருந்து கொடுத்து எடுக்கிற எக்ஸ்ரேயும் பார்த்து, எங்கேயும் அடைப்பு இல்லை என்று முதலில் உறுதி செய்தார்கள். பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கும் இப்படி வரலாம் என்பதால் மகளைப் பாலும் தயிரும் நிறுத்தச் சொல்லிக் கொஞ்ச நாள் பார்த்தார்கள். அதில் மாற்றம் இல்லை. அப்புறம்தான் அந்தச் சோதனை. பாலில் மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருளைக் கலந்து குடிக்க வைத்து, கேமராவுக்கு அடியில் படுக்க வைத்து, மணிக்கு மணி இரைப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று படம் எடுத்தார்கள். பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஊசி கிடையாது, வலி கிடையாது, பிள்ளையை அசையாமல் வைத்திருப்பதுதான் பெரிய வேலை.

டாக்டர் சொன்னது இதுதான். இரைப்பை சுருங்கிச் சுருங்கித்தான் உணவைக் குடலுக்குள் தள்ளுகிறது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு அந்தத் தள்ளுகிற வேலை மந்தமாகிவிடுகிறது. குறை மாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும், வயிற்றில் ஆபரேஷன் நடந்த பிள்ளைகளுக்கும் வருவதுண்டு. வைரஸால் வந்தது பெரும்பாலும் தானாகவே சரியாகும், ஆனால் மாதக் கணக்கில் ஆகலாம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை பிள்ளையின் எடையையும் நீர்ச்சத்தையும் காப்பாற்றிக்கொண்டு போவதுதான் நம் வேலை. தண்ணீர் மாதிரி இருப்பது சீக்கிரம் இறங்கும், கெட்டியானது தாமதமாக இறங்கும். கொழுப்பும் நாரும் இன்னும் தாமதப்படுத்தும். தாய்ப்பால் புட்டிப்பாலைவிடச் சீக்கிரம் இறங்கும் என்பதால் அதை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள் என்றார். மலச்சிக்கலைக் கவனிக்கச் சொன்னார், கீழே கட்டிக்கொண்டால் மேலேயும் நகர்வு குறைந்துவிடுமாம்.

சரி, அப்படியானால் ஊட்டுவதையே தள்ளிப்போடலாமே என்று கேட்டேன். கூடாது என்றார். ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பாலில் உள்ள இரும்புச்சத்து போதாது, மெல்லவும் விழுங்கவும் பழகுகிற பருவமும் தாண்டிப் போய்விடும். அதனால் கொடுக்க வேண்டும், ஆனால் கொடுக்கிற விதம் வேறு.

எங்கள் மலையில் கிடைக்கிற பொருளை வைத்தே இந்த விதத்தைச் சொல்கிறேன். பட்டர் ஃப்ரூட் எங்கள் தோட்டத்திலேயே காய்க்கிறது. குழந்தைக்கு இதைவிட நல்ல முதல் உணவு இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு இருக்கட்டும். கொழுப்பும் நாரும் சேர்ந்தே இருப்பதால் இவளுக்கு அது வயிற்றிலேயே கிடந்தது. கேரட்டைத் தோல் சீவி, குக்கரில் குழைய வேகவைத்து, அரைத்து, வடிகட்டி, இளக்கிக் கொடுத்தால் தங்கியது. பேரிக்காயும் அப்படித்தான், தோலும் விதைப்பகுதியும் நீக்கி வேகவைத்தால் சரி. பட்டாணித் தோல், பீன்ஸ் நார், கீரைக் காம்பு எதுவும் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். மலைவாழைப்பழத்தை மசித்து, விதை போன்ற கறுப்புப் புள்ளிகள் போக வடிகட்டி, வெந்நீர் விட்டு இளக்கி ஒரு ஸ்பூனில் ஆரம்பித்தோம். சம்பந்தி வீடு கொடைக்கானலுக்குப் பக்கத்து மலை ஊரான பூம்பாறை. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் வைக்கிற அரிசி பார்ப்பதற்கு வெந்த மாதிரி இருக்கும், நடுவில் அரிசி நிற்கும். பெரியவர்களுக்கு அது தெரியாது. இந்த மாதிரி வயிற்றுக்குத் தெரியும். அதனால் அங்கே போனாலும் குக்கர் இல்லாமல் கஞ்சி வைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கேழ்வரகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள். நீர்க்கக் கொடுத்தால் சத்து போதாது, சத்துக்காகக் கெட்டியாகக் கொடுத்தால் இறங்காது என்பதுதான் இந்தப் பிள்ளைகளின் சங்கடம். அதற்கு வழி முளைகட்டுவதில் இருக்கிறது. கேழ்வரகைக் கழுவி ராத்திரி ஊறவைத்து, வெள்ளைத் துணியில் கட்டி வைப்போம். சமவெளியில் மறுநாளே முளை வந்துவிடும். எங்கள் குளிருக்கு அடுப்புப் பக்கம் வைத்தாலும் கூடுதலாக ஒரு நாள் பிடிக்கும். நடுவில் துணி காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும், பூஞ்சை வாடை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் வெயிலில் உலர்த்தி, வாசம் வரும் அளவுக்கு மட்டும் லேசாக வறுத்து, முளையைத் தேய்த்து நீக்கி, அரைத்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். கருக வறுத்தால் பயன் போய்விடும். ஏனென்றால் முளைக்கும்போது தானியத்தில் ஊறுகிற அமைலேஸ் என்கிற நொதிதான் மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்குகிறது.

ஊட்டச்சத்து ஆலோசகர் சொன்னபோது நான் முழுசாக நம்பவில்லை. வீட்டில் செய்து பார்த்தேன். ஸ்பூன் நிற்கிற மாதிரி கெட்டியான அரிசிக் கஞ்சி, கை பொறுக்காத சூட்டில் இருக்கும்போது அதில் கொஞ்சம் இந்த மாவைக் கலந்து கிளறினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளகி, ஸ்பூனிலிருந்து ஒழுக ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் ஒரு சொட்டுக் கூட்டவில்லை. போட்ட அரிசி அத்தனையும் அதற்குள்தான் இருக்கிறது. இன்னொரு கொதி விட்டு இறக்கி, ஆறவைத்து ஊட்டினோம். நெய்யையும் கட்டிச் சோற்றில் பிசையாமல், இப்படி இளகின கஞ்சியில் சொட்டுக் கணக்கில் சேர்த்து மெல்லக் கூட்டினோம். திரவத்தோடு போகிற கொழுப்பை வயிறு கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறது. இந்த ஒரு விஷயத்தை நீங்கள் தனிக் கட்டுரையாகவே போடலாம்.

ஒரு வேளைக்கு இரண்டு மூன்று ஸ்பூன்தான். முகத்தைத் திருப்பினால் அதோடு நிறுத்திவிட வேண்டும், பிடித்துத் திணிக்கக் கூடாது. ஊட்டி முடித்து அரை மணி நேரம் மடியில் நிமிர்த்தி வைத்திருப்போம். நிமிர்த்துவது விழித்திருக்கும்போது மட்டும்தான், தூங்கும்போது தலையணை இல்லாமல் மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும். புதிதாக ஒன்று கொடுத்தால் மூன்று நான்கு நாள் வேறு புதிது கிடையாது. ஊட்டிய நேரத்தையும் வாந்தி எடுத்த நேரத்தையும் என் மகள் நோட்டில் எழுதி வைக்கிறாள். மதுரைக்குப் போகும்போது டாக்டர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். மலைப்பாதையில் இறங்குகிற நாளில் புறப்படுவதற்கு முன்னால் கஞ்சி கொடுக்க மாட்டோம், வழியில் பால் மட்டும். வளைவில் வந்த வாந்தியா வயிற்றால் வந்த வாந்தியா என்று குழப்பிக்கொள்ள வேண்டாமே.

பழனிக்குப் போய் மொட்டை போட்டு முதல் சோறு ஊட்டுவதாக சம்பந்தி வீட்டில் வேண்டுதல். போனோம், மொட்டை போட்டோம், சந்நிதியில் வடித்த கஞ்சியில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தோம். முருகனுக்கு அதில் குறை இருக்காது. ஆனால் பஞ்சாமிர்தத்தைப் பிள்ளை நாக்கில் தடவ நான் விடவில்லை. அதில் நெய்யும் பேரீச்சையும் இருப்பது ஒரு பக்கம், தேன் இருக்கிறது. ஒரு வயது முடியாத எந்தக் குழந்தைக்கும் தேன் கூடாது. தேனில் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம், சிசுவின் குடலில் அது முளைத்து விஷத்தை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்க வைக்கும். மலைத்தேன் சுத்தமானது என்பது இதற்குப் பதில் ஆகாது, காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. பழனியில் வரிசையில் நிற்கிற தாய்மார்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கும்போது எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

பேத்தி இப்போது எடை ஏறுகிறாள். வாந்தி அடியோடு நின்றுவிடவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது. அவள் வயதுப் பிள்ளைகள் இட்லியைப் பிட்டுத் தின்கிறார்கள், இவள் இன்னும் இளகின கஞ்சியில் இருக்கிறாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஐயா, நான் கேட்பது இதைத்தான். அடுத்த முறை இணை உணவு அட்டவணை போடும்போது அதன் கீழேயே சில வரிகள் சேர்த்துப் போடுங்கள். ஊட்டி மூன்று நான்கு மணி நேரம் கழித்தும் செரிக்காத உணவு வாந்தியாக வந்தால், வயிறு உப்பியே இருந்தால், எடை ஏறாமல் நின்றால், கெட்டியாக்குவதற்கு முன்னால் குழந்தை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். வாந்தி பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வந்தால், உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தால், பல மணி நேரம் சிறுநீர் போகாமல் பிள்ளை துவண்டு கிடந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி, 108 எண்ணையும் பெரிதாகப் போடுங்கள். அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும் எடை பார்க்கிறவர்கள் உங்கள் தாளைப் படிக்கிறார்கள். எடை குறைந்த பிள்ளையைத் தூக்கி வருகிற தாயிடம், என்ன ஊட்டினாய் என்பதோடு, எப்போது வாந்தி வந்தது, எப்படி வந்தது என்றும் அவர்கள் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அம்மாச்சி,
பண்ணைக்காடு, திண்டுக்கல் மாவட்டம்.