குடும்ப ஓய்வூதியக் கணக்கீட்டை மறுஆய்வு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
காலஞ்சென்ற நூற்பாலைத் தொழிலாளியின் மனைவி,
இராஜபாளையம், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
மண்டல வருங்கால வைப்பு நிதி ஆணையர் அவர்கள்.

பொருள்: தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995-இன் கீழ் எனக்கும் என் இரு பிள்ளைகளுக்கும் நிர்ணயிக்கப்பட்ட ஓய்வூதியத்தின் கணக்கைச் சரிபார்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் கணவர் எங்கள் ஊர் நூற்பாலை ஒன்றில் 2014 செப்டம்பரில் சேர்ந்து, பணியில் இருக்கும்போதே 2024 ஜனவரி 6 அன்று சிறுநீரகக் கோளாறால் இறந்துவிட்டார். ஓய்வூதியம் கோரும் படிவம் 10-டி கொடுத்ததன் பேரில் எனக்கு மாதம் 1,371 ரூபாயும், பதினாறு வயது மகளுக்கும் பன்னிரண்டு வயது மகனுக்கும் அதில் கால் பங்காகத் தலா 343 ரூபாயும் வழங்கக் கொடுப்பாணை வந்துள்ளது. அந்த ஆணையில் தொகை இருக்கிறதே தவிர, அது எப்படி வந்தது என்ற கணக்கு இல்லை.

வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டுத் தொகையில் எனக்கு எந்த முறையீடும் இல்லை. பன்னிரண்டு மாதச் சராசரி ஊதியத்தின் 35 மடங்கும், வைப்பு நிதிக் கணக்கின் சராசரி இருப்பில் பாதியும் சேர்ந்ததே அது என்பதையும், வீட்டுக்கூரைக்காக என் கணவர் முன்பணம் எடுத்திருந்ததால் அந்தப் பாதி குறைந்துவிட்டது என்பதையும் விளங்கிக்கொண்டேன். நான் கேட்பது ஓய்வூதியத்தைப் பற்றி மட்டுமே.

இத்திட்டத்தில் ஓய்வூதியம் என்பது சராசரி ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்து வருவது. 2014 செப்டம்பர் 1 முதல் அந்தச் சராசரி கடைசி 60 மாதங்களுக்கு எடுக்கப்படுகிறது. நான் தகரப்பெட்டியில் வைத்திருந்த சம்பளச் சீட்டுகளையும் பாஸ்புத்தகத்தையும் என் மகளுடன் அமர்ந்து கூட்டிப் பார்த்ததில், 2019 ஜனவரி முதல் 2023 டிசம்பர் வரை அவர் பெற்ற அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து 6,39,600 ரூபாய் ஆகிறது. இந்தக் காலத்தின் மொத்த நாட்களான 1,826-இல், 2020 ஊரடங்கின்போது ஆலை மூடிக் கிடந்த 52 நாட்களும், டயாலிசிஸுக்காகச் சம்பளமில்லா விடுப்பில் இருந்த 214 நாட்களும் போக, ஊதியம் பெற்ற நாட்கள் 1,560 மட்டுமே.

இங்கேதான் கணக்கு இரண்டாகப் பிரிகிறது. மொத்த ஊதியத்தை 60 மாதத்தால் வகுத்தால் சராசரி 10,660 ரூபாய். அதை 9 ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 1,371 வருகிறது. ஆணையில் உள்ள தொகையும் இதுவே. ஆனால் திட்டத்தின் 11-ஆம் பத்தி, ஊதியம் இல்லாததால் ஓய்வூதிய நிதிக்குப் பங்களிப்பு இல்லாத நாட்கள் இருந்தால் மொத்த ஊதியத்தை ஊதியம் பெற்ற நாட்களின் எண்ணிக்கையால் வகுத்து, 30-ஆல் பெருக்கியே சராசரி காண வேண்டும் என்கிறது. அவ்வாறு கண்டால் நாளொன்றுக்கு 410, மாதத்துக்கு 12,300 ரூபாய் ஆகிறது. எனக்குரிய ஓய்வூதியம் 1,581 ரூபாய் ஆகிறது.

பணிக்காலத்தைக் கணக்கிடும்போது இந்த 266 நாட்கள் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிடுகின்றன என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். 9 ஆண்டு 4 மாதம் என்பது 8 ஆண்டு 7 மாதமாகி, ஆறு மாதத்துக்கு மேற்பட்டதால் 9 ஆண்டாக எடுக்கப்பட்டிருக்கும். அதை நான் ஏற்கிறேன். ஆனால் அதே நாட்களை ஊதியச் சராசரியிலும் வெறும் நாட்களாகச் சேர்த்தால், அவர் நோயில் கிடந்த நாட்கள் இரண்டு முறை கழிக்கப்பட்டதாகிறது.

மற்றொன்று, உறுப்பினர் பணியில் இறந்தால், மேலே சொன்ன 70-ஆல் வகுக்கும் சூத்திரப்படி வரும் தொகை, 450 ரூபாய், அட்டவணை 'சி'-யில் உள்ள தொகை ஆகியவற்றுள் எது அதிகமோ அதையே மனைவிக்குத் தர வேண்டும் என்று 16-ஆம் பத்தி கூறுகிறது. அந்த அட்டவணை பணியாண்டுகளைக் கேட்பதில்லை. இறந்த நாளில் இருந்த ஊதியத்தை மட்டுமே பார்க்கிறது. குறைந்த ஆண்டுகளே வேலை பார்த்து இறந்தவரின் குடும்பத்துக்குச் சூத்திரம் போதாது என்பதால்தான் அப்படி ஓர் அட்டவணை வைக்கப்பட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன். எனக்கு நிர்ணயித்த தொகை சூத்திரத்தோடு ரூபாய் பிசகாமல் பொருந்துவதால், அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படவில்லையோ என்ற ஐயம் எழுகிறது. அவர் கடைசி மாதங்களில் சம்பளமில்லா விடுப்பில் இருந்ததால், இறந்த நாளின் ஊதியமாக எது கொள்ளப்பட்டது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய்தான், அதைவிடக் கூடுதலாகத்தானே வருகிறது என்று வங்கியில் ஒருவர் சொன்னார். நாள்கணக்குச் சராசரியை எடுத்தாலே எங்கள் மூவருக்கும் சேர்த்து மாதம் சுமார் 315 ரூபாய் கூடும். எங்கள் வீட்டில் அது ஒரு மாத அரிசிச் செலவில் பெரும்பகுதி. அத்துடன், அரசு ஊழியர் குடும்ப ஓய்வூதியத்தைப் போல இத்திட்டத்தில் அகவிலைப்படி கிடையாது. முதல் ஆணையில் எழுதப்படும் தொகையே ஆண்டுகள் பல கடந்தும் வந்துகொண்டிருக்கும். அதனால்தான் தொடக்கத்திலேயே சரிபார்க்கக் கேட்கிறேன்.

ஆகவே, சராசரி ஊதியம், பங்களிப்பில்லா நாட்கள், பணிக்காலம், அட்டவணை ஒப்பீடு ஆகியவை அடங்கிய கணக்கீட்டுத் தாளைத் தமிழில் எனக்கு வழங்குமாறும், பிழை இருப்பின் எனக்கும் பிள்ளைகளுக்கும் கொடுப்பாணையைத் திருத்தி, 2024 ஜனவரி 7 முதல் நிலுவைத் தொகையை வழங்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். என் கூட்டலில் பிழை இருந்தால் அதைச் சுட்டிக்காட்டினாலும் ஏற்றுக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(விண்ணப்பதாரர் கையொப்பம்)

இணைப்பு: கொடுப்பாணை நகல், இறப்புச் சான்றிதழ் நகல், 60 மாதச் சம்பளச் சீட்டுகளின் நகல், பாஸ்புத்தக நகல், நாள்வாரிக் கூட்டல் தாள்.