நாங்களாகச் சொல்வோம் என்று காத்திருக்காதீர்கள்: மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே, மருந்தாளுநர்களே,

விறைப்புக் குறைபாட்டுக்கு மாத்திரை கேட்டு வருபவரிடம், "இதயத்துக்கு மருந்து எடுக்கிறீர்களா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையோ, தோலில் ஒட்டும் பட்டையோ, வாயில் அடிக்கும் ஸ்பிரேயோ உண்டா என்று விளக்கமாகக் கேளுங்கள். நெஞ்சுவலி வந்தால் மட்டும் எடுப்பதை மருந்துக் கணக்கில் சேர்க்கத் தோன்றாமல் போகலாம். எனக்கே தோன்றவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

நெஞ்சுவலிக்காக இந்த வடிவங்களில் தரப்படும் நைட்ரேட் மருந்துகள் இரத்தக் குழாய்களைத் தளர்த்துகின்றன. அந்தத் தளர்ச்சியை முடித்துவைக்கும் நொதியை, விறைப்புக் குறைபாட்டு மாத்திரைகளான சில்டெனாஃபிலும் டடாலாஃபிலும் தடுக்கின்றன. இரண்டும் ஒன்றுசேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்குச் சரியக்கூடும் என்பதால்தான், சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரமும், டடாலாஃபில் எடுத்து 48 மணி நேரமும் நைட்ரேட்டைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவில் கிடப்பவர், மனைவியும் மக்களும் சூழ நிற்கையில், முந்தைய இரவு எடுத்த மாத்திரையைப் பற்றி வாய் திறப்பாரா? உறவினரைச் சற்று விலகச் சொல்லிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்க அரை நிமிடம் போதும்.

புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் ஆல்ஃபா தடுப்பான்களையும் கேட்டறியுங்கள். அவற்றோடும் அழுத்தம் இறங்கும்.

அளவைப் பற்றியும் பேசுங்கள். சில்டெனாஃபில் வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்குகிறது, 65 வயதைக் கடந்தவர்களுக்கு 25 மில்லிகிராம் எண்ணிப் பார்க்கத்தக்கது, ஒரு நாளில் ஒரு முறைக்கு மேல் கூடாது என்பதையெல்லாம் அட்டையின் பின்புறத்துப் பொடி எழுத்திடம் விட்டுவிட வேண்டாம். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் எடுத்தால் அது வேலை செய்யத் தாமதமாகும். கிளர்ச்சி இல்லாமல் அது வேலை செய்வதும் இல்லை. இதை அறியாதவர் பலனில்லை என்று எண்ணி இரண்டாவது மாத்திரையை விழுங்குகிறார். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, பார்வையோ செவித்திறனோ திடீரெனக் குறைந்தாலோ விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மாத்திரையோடு எங்களை அனுப்பிவிடவும் வேண்டாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைச் சோதியுங்கள். ஆணுறுப்பின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவை என்பதால், அடைப்பின் அறிகுறி அங்கே முதலில் தெரியக்கூடும்.

வெட்கத்தால் மருந்துச் சீட்டின்றி வாங்குபவர்களும், மூலிகை என்ற பெயரில் சில்டெனாஃபில் கலந்து விற்கப்படுவதை அறியாமல் உண்பவர்களும் உங்கள் கேள்விகளுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறார்கள். அவர்கள் துணிந்து வரும் நாளில், மற்றவர் காதில் விழாமல் பேச ஓர் ஓரத்தை ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
இம்மாத்திரையை எடுத்துவரும் ஒருவன்