ஒரு சல்லடைக்காக: ஜப்பானிய கார் நிறுவனங்களின் உதிரிபாகப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். நிசான் 2017இன் இறுதியில் ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் காருக்கும், டொயோட்டா 2020இல் ஏ70, ஏ80 சூப்ரா கார்களுக்கும் நின்றுபோன உதிரிபாகங்களை மீண்டும் கொண்டுவரத் தொடங்கியபோது, பழைய கார்களோடு பிழைப்பு நடத்தும் என் போன்ற மெக்கானிக்குகள் உள்ளபடியே மகிழ்ந்தோம். ஆனால் ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகும் அந்தக் கார்களின் சொந்தக்காரர்கள் எப்படியும் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார்கள். நான் பேச வந்தது, நடுத்தரச் சம்பளக்காரர்கள் வாங்கி ஓட்டிய இன்டெக்ரா, செலிக்கா, எஃப்டிஓ போன்ற கூபே (இரு கதவு) கார்களின் மாறும் வால்வு என்ஜின்களைப் பற்றி, அதாவது வேகத்துக்கேற்ப வால்வு திறக்கும் அளவை மாற்றிக்கொள்ளும் என்ஜின்களைப் பற்றி.

1989இல் ஹோண்டா இன்டெக்ராவில் வந்த பி16ஏ என்ஜின், டர்போ இல்லாமலே 1,595 சிசியிலிருந்து 160 குதிரைசக்தி கொடுத்தது. அதையும் 7,600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7,600 சுற்று) கொடுத்தது. ஒவ்வொரு ஜோடி வால்வுக்கும், கேம்ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டில் மூன்று மேடுகள், அவற்றின்கீழ் மேட்டின் அழுத்தத்தை வால்வுக்குக் கடத்தும் ராக்கர்கள் மூன்று. சாதாரண ஓட்டத்தில் ஓரத்து ராக்கர்கள் இரண்டும் வால்வுகளைத் திறக்க, நடு ராக்கர் தன் ஸ்பிரிங்கை மட்டும் அமுக்கிக்கொண்டு சும்மா ஆடும். வேகம் ஏறியதும் சாலினாய்டு என்ற மின்வால்வு வழிவிட, ஆயில் பிரஷர் ராக்கர்களுக்குள் இருக்கும் பின்களைத் தள்ளி மூன்றையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அதன்பின் உயரமான நடு மேடு சொல்வதுதான் சட்டம். ஆக, இத்தனை நுட்பமும் நம்பியிருப்பது கடைசியில் சுத்தமான ஆயிலைத்தான்.

என் பட்டறைக்கு வந்த ஓர் இன்டெக்ரா அந்த மாற்றத்தையே மறந்திருந்தது. எச்சரிக்கை விளக்கு காட்டிய குறியை வைத்து, வேறோர் இடத்தில் என்ஜினை இயக்கும் கணினியான ஈசியூவையே மாற்றிக் காசு வாங்கியிருந்தார்கள். நான் சாலினாய்டைக் கழற்றி, ஆயில் கசியாமல் அடைக்கும் அதன் கேஸ்கெட்டைப் பிரித்தேன். அதனுள் பொதிந்திருக்கும் மெல்லிய கம்பிச் சல்லடை, அடிப்பிடித்த வெல்லப்பாகு போலக் கருத்த கசடால் முக்கால்வாசி அடைந்து கிடந்தது. சுற்றியிருந்த ரப்பர் வளைத்தால் ஒடியும் அளவுக்கு இறுகியிருந்தது. புதிய கேஸ்கெட், புதிய ஆயில், அரை நாள் வேலை. சோதனை ஓட்டத்தில் 5,000ஐத் தாண்டியதும் சத்தம் சட்டென்று மாறியபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர் ஒன்றும் பேசவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தக் கேஸ்கெட் மட்டும் கிடைக்காமல் போயிருந்தால், தாள் கேஸ்கெட் வெட்டிப்போட்டு, சல்லடை இல்லாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். கசடு பின்களின் துவாரத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

டொயோட்டா செலிக்காவின் 2இசட்இசட்-ஜிஇ என்ஜினில் இதே கதை இரண்டு போல்ட்டுகளாக வருகிறது. ராக்கர் ஷாஃப்ட்டைப் பிடித்து, ஆயிலுக்கும் வழிவிடும் அந்த லிஃப்ட் போல்ட்டுகள், தொடக்க ஆண்டுகளின் கார்களில் கழுத்துப் பகுதியில் தேய்ந்தோ ஒடிந்தோ போயின. அப்படிப் போனால் என்ஜின் நிற்காது. ஆனால் 6,000க்கு மேல் உயர் மேட்டுக்கு மாறாமல் மூச்சுவாங்கும். பின்னர் திருத்திய போல்ட் வந்தது, தொல்லையும் தீர்ந்தது. நான் கேட்பது இத்தகைய அக்கறை தொடர வேண்டும் என்பதைத்தான்.

எனவே பம்பரும் டாஷ்போர்டும் பிறகு வரட்டும். சாலினாய்டு கேஸ்கெட், ஆயில் பிரஷர் சுவிட்ச், நடு ராக்கரின் ஸ்பிரிங் தொகுதி, லிஃப்ட் போல்ட் ஆகியவற்றில் இன்று கிடைப்பவற்றை விற்பனை குறைவு என்ற காரணத்துக்காக நிறுத்திவிடாதீர்கள். நின்றுபோனவற்றை, ஆண்டுக்கு ஒருமுறை முன்பதிவு திரட்டியாவது, சிறிய அளவில் செய்து கொடுங்கள். மிட்சுபிஷி எஃப்டிஓவின் ஆறு சிலிண்டர் மைவெக் (மிட்சுபிஷியின் மாறும் வால்வு அமைப்பு) போன்ற குறைவாக விற்ற என்ஜின்களுக்கு அதுவும் கட்டுப்படியாகாது என்றால், ராக்கர், பின் ஆகியவற்றின் வரைபடங்களையும் உலோகத்தின் கடினத்தன்மையையும் அனுமதிக்கும் இடைவெளி அளவுகளையும் வெளியிடுங்கள். நல்ல கிரைண்டிங் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு என்ஜின் மெக்கானிக்