அபராதம் போதாது, ஓட்டுநர் உரிமத்தை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் குன்னூர் – மேட்டுப்பாளையம் பாதையிலோ கல்லட்டியிலோ ஒரு கார் உருண்டால் உங்கள் நாளிதழில் செய்தி வருகிறது. ஓட்டியவர் குடிபோதையில் இருந்தாரா என்று போலீசார் விசாரிப்பதாகக் கடைசியில் ஒரு வரி இருக்கும். அந்த விசாரணை என்ன ஆனது என்று அப்புறம் யாரும் எழுதுவதில்லை. அரசு மருத்துவமனை ஒன்றின் கேஷுவால்டியில் நர்ஸாக இருந்தவள் என்பதால், அதற்குப் பிறகு நடப்பது எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றபின் கலிபோர்னியாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, குடித்துவிட்டு ஓட்டும் இதே குற்றத்துக்கு அங்கே என்ன செய்கிறார்கள் என்பதையும் கிட்டத்தில் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஒரு கான்ஸ்டபிள் மெமோவோடு ஒருவரை அழைத்து வருவார். டியூட்டி டாக்டர் வாயை ஊதச் சொல்வார், டார்ச் அடித்துக் கண்ணைப் பார்ப்பார், நேராக நடக்கச் சொல்வார். 'மது அருந்தியுள்ளார், ஆனால் போதையில் இல்லை' என்று எழுதிக் கொடுத்த சான்றிதழ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தம் எடுக்கச் சொன்னால் அது தனி வேலை. எல்லா ஊசிக்கும் துடைப்பது போல ஸ்பிரிட் பஞ்சால் கையைத் துடைக்கக்கூடாது. ஸ்பிரிட்டே ஆல்கஹால்தானே, கோர்ட்டில் வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். சோடியம் ஃபுளோரைடு போட்ட குப்பியில் எடுத்து, சீல் வைத்து, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

இவ்வளவு கவனமாக எடுத்தாலும் மலையில் நேரம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவில் வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். மனித உடம்பு மணிக்கு ஏறக்குறைய 15 முதல் 20 மில்லிகிராம் வரை தானாகவே குறைத்துவிடும். மஞ்சூர்ப் பக்கமோ மசினகுடிப் பக்கமோ பிடிபட்டவருக்கு அப்போது 60 இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி கிடைத்து, மலை ஏறி, எங்களிடம் வந்து சேர்வதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டால், குப்பியில் விழும் ரத்தத்தில் 30-க்கும் கீழே இருக்கலாம். கைது செய்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சமவெளியில் அது நியாயமான நேரம். இங்கே மண் சரிந்து ரோடு மறித்த ஒரு ராத்திரி போதும், ஆள் வீட்டுக்குப் போய்விடுவார்.

சரி, கலிபோர்னியாவுக்கு வருகிறேன். சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நாம் அவர்களுக்கு இளைத்தவர்கள் இல்லை. அங்கே வரம்பு 0.08 சதவீதம், அதாவது நம் கணக்கில் 80 மில்லிகிராம். நம்முடையது அதில் பாதிகூட இல்லை. முதல் தடவை பிடிபட்டால் அங்கேயும் அதிகபட்சம் ஆறு மாதம் சிறை, இங்கேயும் ஆறு மாதம்தான். இங்கே 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 2,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகிவிட்டது. இரண்டாம் தடவை என்றால் 15,000 ரூபாய், இரண்டு வருடம் வரை சிறை. அப்படியானால் அங்கே உள்ளவர்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு பயம்?

மகள் வீட்டுக்குப் பக்கத்தில் திருப்பூர்க்காரத் தம்பி ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார். நல்ல வேலை, நல்ல மனிதர். நண்பர் வீட்டு விருந்தில் குடித்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார். போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னதில் வரம்பைத் தாண்டியிருந்தது. கையில் விலங்கு மாட்டினார்கள். ஓட்டுநர் உரிமத்தை அந்த இடத்திலேயே வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். தற்காலிக உரிமமான அந்தத் தாள் 30 நாளைக்குத்தான் செல்லும். ஆட்சேபணை இருந்தால் 10 நாளைக்குள் மோட்டார் வாகனத் துறையிடம் விசாரணை கேட்க வேண்டும், இல்லாவிட்டால் உரிமம் நான்கு மாதம் நிறுத்தப்படும். கோர்ட்டு வழக்கு தனியாக நடக்கும், அதன் தீர்ப்புக்காக இந்தத் துறை காத்திருப்பதில்லை. ஊதவும் மாட்டேன், ரத்தமும் கொடுக்க மாட்டேன் என்று ஒருவர் மறுத்தால் உரிமம் ஒரு வருடத்துக்குப் போய்விடும்.

கோர்ட்டில் அடிப்படை அபராதம் 390 டாலரில் தொடங்கி 1,000 டாலர் வரை. அதன்மேல் வரிசையாகக் கூடுதல் கட்டணங்கள் ஏறி அது பல மடங்காகிவிடுகிறது. அப்புறம் மூன்று வருடத்துக்குக் குறையாத நன்னடத்தைக் காலம், குடித்துவிட்டு ஓட்டுவதைப் பற்றிய மூன்று மாத வகுப்பு. வேலை முடிந்து வந்து, காசு கட்டி, அந்த வகுப்பில் போய் உட்கார வேண்டும். பிடிபட்டபோது 0.20 அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் வகுப்பு ஒன்பது மாதம். வண்டி இன்சூரன்ஸில் நல்ல ஓட்டுநருக்கான சலுகை பத்து வருடத்துக்கு இல்லை. அந்தப் பத்து வருடத்துக்குள் மறுபடி பிடிபட்டால் அது இரண்டாவது குற்றம், பிறகு மூன்றாவது. நான்காவதுக்கு மாநிலச் சிறை வரை போகலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் திருப்பூர்க்காரத் தம்பியின் காரில் மாட்டியிருந்த கருவி. 2019-லிருந்து அந்த மாநிலம் முழுவதும் இதைக் கொண்டு வந்திருக்கிறார்கள். முதல் குற்றத்துக்கு, காரில் இதை மாட்டிக்கொள்ளச் சம்மதித்தால் ஆறு மாதம் இதோடு ஓட்டலாம். இரண்டாவது குற்றம் என்றால் கட்டாயம். கையில் பிடிக்கிற மாதிரி ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு குழாய். ஊதினால்தான் இன்ஜின் கிளம்பும், மது இருந்தால் கிளம்பாது. வேறொருவரை ஊதச் சொல்லிக் கிளப்பிவிடக்கூடாது என்பதற்காக, ஓடிக்கொண்டிருக்கும்போதும் நடுநடுவே சத்தம் போட்டு மறுபடி ஊதச் சொல்லும். ஒருநாள் கோயிலுக்கு அவர் காரில் போனோம். அது சத்தம் போட்டதும் பின்சீட்டில் இருந்த அவருடைய சின்னப் பெண், "அப்பா, ஊது" என்றாள். அவர் பேசாமல் எடுத்து ஊதினார். யாரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனால் குடித்துவிட்டு அந்தக் காரை எடுக்க முடியாது.

குற்றவாளி என்று தீர்ப்பு வந்தவர்களுக்கு அங்கே நீதிமன்றத்தில் ஓர் எச்சரிக்கையும் கொடுக்கிறார்கள். 'இனி குடித்துவிட்டு ஓட்டி யாராவது இறந்தால் உங்கள்மீது கொலை வழக்கே போட முடியும்' என்று. 1981-இல் வாட்சன் என்பவரின் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து வந்தது இது. ஆபத்து தெரிந்தே ஓட்டினார் என்று நிரூபணமானால் 15 வருடத்திலிருந்து ஆயுள் வரை தண்டனை.

இவ்வளவும் ஒரு நாளில் வந்துவிடவில்லை. மகள் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் ஃபேர் ஓக்ஸ் என்று ஓர் ஊர். 1980 மே மாதம் அங்கே சாலையோரம் நடந்து போன 13 வயதுப் பெண் கேரி லைட்னரைக் குடிபோதையில் ஒருவர் இடித்துக் கொன்றுவிட்டுப் போய்விட்டார். அவர் அதற்கு முன்பும் இதே குற்றத்துக்குப் பிடிபட்டவர். இன்னொரு குடிபோதை விபத்து வழக்கில் ஜாமீனில் வந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. கேரியின் அம்மா கேண்டஸ் லைட்னர் அந்த வருடமே, குடித்துவிட்டு ஓட்டுவதை எதிர்க்கும் தாய்மார் இயக்கத்தைத் தொடங்கினார். சட்டங்கள் ஒவ்வொன்றாக இறுகின. அப்படியும் 2022-இல் அமெரிக்கா முழுவதும் மது அருந்தி ஓட்டிய விபத்துகளில் 13,524 பேர் இறந்திருக்கிறார்கள். எனவே அவர்கள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பிடிபட்டவரை அங்கே சும்மா விடுவதில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

இங்கே பத்தாயிரம் கட்டிவிட்டு மறுநாளே ஸ்டியரிங்கில் கை வைக்கிறார்கள். பணம் உள்ள சுற்றுலாப் பயணிக்கு அது ஒருநாள் ஹோட்டல் வாடகை. உரிமத்தைத் தொடச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டுகிறவரின் உரிமத்தைப் போலீசார் வாங்கி, தகுதி நீக்கத்துக்காக உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று 206-வது பிரிவில் 2019-இல் தெளிவாகச் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு முன்பே, 2015-இல், சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு குறைந்தது மூன்று மாதமாவது உரிமத்தை நிறுத்தச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, இருப்பதைச் செய்தால் போதும்.

டாக்ஸி, ஜீப் ஓட்டுகிறவர்களின் பிழைப்பு என்ன ஆகும் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "சிஸ்டர், டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, வண்டி ஓடினாத்தான் வீட்டில் அடுப்பு எரியும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் என் பதில் மாறாது. கலிபோர்னியாவில் வாடகைக்குப் பயணிகளை ஏற்றி ஓட்டுகிறவருக்கும் லாரி ஓட்டுகிறவருக்கும் வரம்பு 0.04, மற்றவர்களுக்கு உள்ளதில் பாதி. அடுத்தவர் உயிரை ஏற்றிக்கொண்டு போகிறவருக்குக் கூடுதல் கண்டிப்பு வேண்டும் என்பது சரியான நியாயம். ஏறின கியரிலேயே இறங்கு, ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு என்று மலைக்கு இருக்கிற விதிகள் நிதானத்தில் இருக்கிறவரால்தான் காப்பாற்ற முடியும். மரப்பாலத்துக்கும் பர்லியாருக்கும் நடுவில் பிரேக் சூடேறி, புகை நாற்றத்தோடு நிற்கிற கார்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தலையில் அடிபட்டு எங்களிடம் வந்தவர்களைக் கோவைக்கு அனுப்ப வேண்டியிருந்தால், 108 வண்டி அதே வளைவுகளில்தான் இறங்க வேண்டும். வழியிலேயே போன உயிர்கள் உண்டு.

நீலகிரிக்குப் புதிதாக ஒன்றைத் தொடங்குவது பழக்கம்தான். சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் 2022 மே மாதம் இங்கேதான் முதலில் வந்தது. காட்டில் உடைத்துப் போட்ட கண்ணாடி யானைகளின் காலைக் கிழிக்கிறது என்பதற்காகச் செய்தார்கள், நல்ல காரியம். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகள் இங்கே வர இ-பாஸ் இருக்கிறது. கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் எப்படியும் வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறார்கள், பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று டிக்கியைத் திறக்கச் சொல்கிறார்கள். அதே இடத்தில், அதே நிமிடத்தில், ஓட்டுகிறவரையும் ஒருமுறை ஊதச் சொல்லலாம். சனி, ஞாயிறு மாலைகளில் இறங்குகிற வண்டிகளுக்குக் கட்டாயமாக. மூச்சுச் சோதனைக் கருவி அங்கேயே இருந்தால், நான் சொன்ன அந்த இரண்டு மணி நேரப் பிரச்சினையும் பெருமளவு தீர்ந்துவிடும்.

வியூ பாயிண்டுகளில் காருக்குள்ளேயே பாட்டிலைத் திறந்து வைத்துக் குடிப்பதையும் நிறுத்த வேண்டும். கலிபோர்னியாவில் திறந்த மது பாட்டில் சீட்டுப் பக்கம் இருந்தாலே குற்றம், டிக்கியில்தான் வைக்க வேண்டும்.

மாவட்ட ஆட்சியரிடமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். 185-வது பிரிவில் மாதந்தோறும் எத்தனை பேர் பிடிபட்டார்கள், அதில் எத்தனை பேரின் உரிமம் எத்தனை மாதத்துக்கு நிறுத்தப்பட்டது என்று வெளியிடுங்கள். பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். அந்த எண்களை மாதம் ஒருமுறை உங்கள் நீலகிரிப் பதிப்பில் போட ஒரு சின்ன இடம் ஒதுக்குமாறு ஆசிரியர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருத்துவமனை நர்ஸ்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்