எண் கேட்காமல் பாடத்திட்டத்தைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர்களுக்கும் சேர்க்கைப் பிரிவினருக்கும்,

வணக்கம். வணிகத் தகவல்தொடர்பில் இளங்கலைப் பட்டம் தருவதாக விளம்பரம் செய்யும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். என் மகள் அந்தப் படிப்பில் சேர விரும்புகிறாள். எந்தப் பருவத்தில் என்ன பாடம் என்று பார்த்துவிட்டுக் கல்லூரியை முடிவு செய்யலாம் என்றிருந்தோம். அது பேராசை போலிருக்கிறது.

போன வாரம் ஒரு கல்லூரியின் இணையதளத்தில் ‘பாடத்திட்டம்’ என்ற பொத்தானை அழுத்தினாள். அவள் கைபேசி எண்ணையும் என் எண்ணையும் கேட்டு ஒரு படிவம் வந்தது. சரி என்று நிரப்பினாள். பதிலுக்கு வந்த பிடிஎஃப்பில் புல்வெளியில் மடிக்கணினியோடு சிரிக்கும் மாணவர்கள், ‘நாளைய தலைவர்கள்’ என்று ஒரு வரி, கட்டணம் கட்டக் கடைசி நாள். பாடத்தின் பெயர் ஒன்றுகூட இல்லை. அன்று மாலையே அழைப்புகள் ஆரம்பித்தன. “இந்தப் படிப்பு வணிகவியல் துறையில் வருகிறதா, ஊடகத் துறையில் வருகிறதா?” என்று கேட்டாள். “சீட் வேகமா நிரம்புதும்மா, முதல்ல முன்பணம் கட்டிடுங்க” என்றார் ஆலோசகர்.

அவள் கேட்டது சில்லறைக் கேள்வி இல்லை. இதே பெயருள்ள பட்டத்தில் ஓரிடத்தில் கணக்கியல், பொருளியல், சந்தைப்படுத்தல் எல்லாம் உண்டு. இன்னோரிடத்தில் மக்கள் தொடர்பும் ஊடக எழுத்தும் மட்டும்தான். நாளைக்கு ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் பங்குதாரர்களுக்குப் புரியும்படி எழுதச் சொன்னால், நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியாதவள் என்ன எழுதுவாள்? ஆகவேதான் கேட்கிறோம்: பாடத்திட்டத்தைக் காட்டுங்கள்.

1982-இல் அமெரிக்காவில் ‘டைலனால்’ (Tylenol) என்ற வலிநிவாரணி மருந்தில் யாரோ விஷம் கலந்தபோது, அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் மக்களை வெளிப்படையாக எச்சரித்து, கடைகளில் இருந்த சரக்கைத் திரும்பப் பெற்றது. நெருக்கடிக்காலத் தகவல்தொடர்பு வகுப்புகளில் இன்றும் சொல்லப்படும் உதாரணம் அது. விஷயத்தை மறைக்காமல் முன்கூட்டியே சொல் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர்கள், வாசலில் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

அப்புறம் உங்கள் விளம்பரங்களில் வரும் அந்த ‘100 சதவீத வேலைவாய்ப்பு’. படித்து முடித்த எல்லோரிலும் நூறா, வளாக நேர்காணலுக்குப் பெயர் கொடுத்தவர்களில் நூறா? சராசரிச் சம்பளத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறீர்களே, ஒருவருக்குக் கொழுத்த சம்பளம் கிடைத்தாலே சராசரி ஏறிவிடும் என்பது தெரியாதா? எல்லோருடைய சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் வரும் இடைநிலைச் சம்பளத்தைச் சின்ன எழுத்திலாவது போடலாம்.

கோபம் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் தொடங்கும் முன்பே, யாருடைய எண்ணையும் கேட்காமல், பருவவாரியான பாடத்திட்டத்தை இணையதளத்தில் வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பாடத்தை யார் நடத்துகிறார், பணிப்பயிற்சிக்கு நிறுவனத்தை நீங்கள் பிடித்துத் தருவீர்களா, மாணவரே தேட வேண்டுமா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் எங்கள் எண்களைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேலும் அழைப்பு வருகிறது.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை